நெகட்டிவ் பாதி மட்டும் சரிகிறது: 200 வாட் சைன் இன்வெர்ட்டர் கட்டிய கதை

சொந்தமாக இன்வெர்ட்டர் கட்டுகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது "புரோகிராம் எழுதிட்டியா?" என்றுதான். புரோகிராம் இரண்டு ராத்திரியில் முடிந்துவிட்டது, மொத்தமே நூற்றைம்பது வரிக்குள். மிச்சம் இரண்டரை மாதத்தைத் தின்றது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும், கையகல போர்டில் இருந்த ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும். அந்த ரெசிஸ்டரை நான் போட்டதே பாதுகாப்புக்காக. அதுதான் எரிச்சல்.

என்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, நான்கு மூலையிலும் ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) இரண்டிரண்டாக வைத்த ஓர் எச்-பிரிட்ஜ், அதாவது இடது வலது இரண்டு பக்கத்திலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று சுவிட்ச் வைத்து கரண்டின் திசையை மாற்றும் அமைப்பு, அதை ஓட்ட இரண்டு ஐஆர்2110 டிரைவர், எல்லாவற்றுக்கும் மேலே அர்டுயினோ நானோ என்ற குட்டி கண்ட்ரோலர் போர்டு, அதாவது 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி. வெளியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 200 வாட், உண்மையான சைன் அலை. சதுர அலை போதும் என்றால் இதில் பாதி வேலைகூடக் கிடையாது. ஆனால் சதுர அலையில் மின்விசிறி உறுமும், சூடாகும், கேட்கச் சகிக்காது. ஈஜி8010 என்ற சிப் வைத்த ரெடிமேட் போர்டு ஒன்று இருக்கிறது, சைன் அலைக்கான எல்லா வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும், அவசரத்தில் இருப்பவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம். எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை.

புரோகிராமின் சாரம் இவ்வளவுதான். பிரிட்ஜின் இடது பக்கம் 20 கிலோ ஹெர்ட்ஸில் பிடபிள்யூஎம் அடிக்கும் (ஆன் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சராசரி வோல்டேஜை மாற்றும் வித்தை), வலது பக்கம் 50 ஹெர்ட்ஸில் திசையை மட்டும் மாற்றும். பாசிட்டிவ் பாதியில் வலது பக்கத்தின் கீழ் மாஸ்ஃபெட் 10 மில்லி விநாடி முழுக்க ஆன். நெகட்டிவ் பாதியில் மேல் மாஸ்ஃபெட் 10 மில்லி விநாடி ஆன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதைக்கப் போவது இதுதான். டைமர் 1-ஐ மேலும் கீழும் எண்ணும் மோடில் வைத்து, உச்ச எண்ணை 400 என்று கொடுத்தால் 16 மெகா ஹெர்ட்ஸ் வகுத்தல் 800, சரியாக 20 கிலோ ஹெர்ட்ஸ். ஒரு முழு அலைக்கு 400 துண்டு, பாதி அலைக்கு 200. ஒவ்வொரு துண்டுக்கும் 50 மைக்ரோ விநாடிதான் கிடைக்கிறது, அதற்குள் இந்தச் சிப்பால் சைன் கணக்குப் போட முடியாது, அதனால் 200 எண்களை முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக ஏற்றிவிட்டேன்.

மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் பேட்டரி நேராக ஷார்ட். அதைத் தடுக்க நடுவில் ஒரு சின்ன இடைவெளி, டெட் டைம், வேண்டும். ஐஆர்2104 என்றால் அது சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஐஆர்2110-இல் கிடையாது, கொடுத்ததை அப்படியே செய்யும். 328பி-யின் டைமரிலும் இதற்கென்று தனி வசதி இல்லை. ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு: டைமரின் ஏ வெளியீட்டை நேராகவும் பி வெளியீட்டைத் தலைகீழாகவும் வைத்து, பி-யின் எண்ணை எப்போதும் ஏ-யைவிட 16 அதிகமாக எழுதினால், இரண்டு ஓரத்திலும் தலா 1 மைக்ரோ விநாடி இடைவெளி தானாக வந்துவிடும். ஓர் எண்ணுக்கு 62.5 நானோ விநாடி, அந்தக் கணக்கு. வலது பக்கத்துக்கு டைமர் கிடையாது என்பதால் இரண்டையும் அணைத்து, இரண்டு மைக்ரோ விநாடி காத்திருந்து, மற்றதை ஏற்றும்படி புரோகிராமிலேயே எழுதினேன். அப்புறம் ஒன்று, நானோவின் 13ஆம் பின்னை மாஸ்ஃபெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ரீசெட் ஆகும்போதெல்லாம் பூட்லோடர் (போர்டில் முதலில் ஓடும் குட்டி புரோகிராம்) அந்தப் பின்னில் இருக்கும் எல்இடி-யைச் சிமிட்டும், நம் புரோகிராம் விழிப்பதற்கு முன்பே.

முதல் தடவை பேட்டரியை இணைக்கும்போது நடுவில் ஒரு காரின் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டேன், 12 வோல்ட் 55 வாட். இதை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்க வேண்டாம். எங்காவது ஷார்ட் ஆனாலும் நான்கைந்து ஆம்பியருக்கு மேல் போகாது, பல்பு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். லோடு எதுவும் இல்லாமலே என் பல்பு மங்கலாக, சாம்பல் மூடிய தணல் மாதிரி சிவந்து நின்றது. அலையைப் படமாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் வலது பக்கத்தில் அணைக்கும் வரியும் ஏற்றும் வரியும் இடம் மாறி எழுதியிருக்கிறேன். இரண்டு வரி. பல்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவில் "நான்கு மாஸ்ஃபெட் வெடித்தது" என்று ஒரு பத்தி வந்திருக்கும்.

இனி டிரான்ஸ்ஃபார்மர். கையில் இருந்தது 230-க்கு 12 வோல்ட், 250 விஏ. திருப்பிப் போட்டால் 12 வோல்ட் உள்ளே, 230 வெளியே, அவ்வளவுதானே என்று மாட்டினேன். வந்தது 150 வோல்ட். சைன் அட்டவணையில் தப்பா, மாஸ்ஃபெட்டில் வோல்டேஜ் விழுகிறதா என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். தப்பு என் பள்ளிக்கூடக் கணக்கில். பேட்டரியின் 12 வோல்ட் சைன் அலைக்கு உச்சிதான். ஆர்எம்எஸ் (230 வோல்ட் என்று நாம் சொல்லும் பயன்மதிப்பு) எடுத்தால் 1.414-ஆல் வகுக்க வேண்டும், 8.5 தான் தேறும். சதுர அலையில் உச்சியும் ஆர்எம்எஸ்ஸும் ஒன்றே என்பதால் அங்கே 12 வோல்ட் சுருள் ஒத்துவரும், சைனில் வராது. அதற்கு மேல் இன்னொரு நுணுக்கம்: 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் சுருள் லோடு இல்லாமல் 13 வோல்ட் காட்டும், லோடில் விழுவதை ஈடுகட்ட சில சுற்று கூடுதலாகச் சுற்றியிருப்பார்கள். திருப்பிப் போடும்போது அந்தக் கூடுதல் சுற்றே நமக்கு எதிராக வேலை செய்யும். 8.5 பெருக்கல் 230 வகுத்தல் 13, சரியாக 150. மீட்டர் பொய் சொல்லவில்லை.

அப்படியென்றால் எத்தனை வோல்ட் சுருள் வேண்டும்? பேட்டரி காலியாகும் நேரத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், நிறைந்திருக்கும்போது அல்ல. 10.5 வோல்ட்டில் நிறுத்திவிடுவோம். வயர், மாஸ்ஃபெட், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து ஒரு வோல்ட் தின்னும். மிச்சம் உச்சி 9.5, ஆர்எம்எஸ் 6.7. ஆக 6.5 வோல்ட் சுருள். பழைய சுருளைப் பிரித்து எண்ணினால் 26 சுற்று இருந்தது, அதாவது வோல்ட்டுக்கு 2 சுற்று, எனக்கு வேண்டியது 13. சரி பாதி! பிரித்த கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் ஒட்டிவைத்து ஒன்றாக 13 சுற்று சுற்றினேன். வோல்டேஜ் பாதி, தாங்கும் கரண்ட் இரண்டு மடங்கு, புதுக் கம்பி ஒரு சாண்கூட வாங்கவில்லை. 200 வாட்டுக்கு இந்தப் பக்கம் 31 ஆம்பியர் ஓடும் என்பதால் அந்த இரட்டைக் கம்பி எப்படியும் தேவைதான். பழைய கம்பியின் வார்னிஷ் நான்கைந்து இடத்தில் உரிந்திருந்தது, அங்கெல்லாம் பாலியெஸ்டர் டேப் சுற்றினேன். சுற்றி முடித்தபோது கட்டைவிரல் இரண்டும் கொப்பளித்துவிட்டது, அது வேறு கதை.

ஃபில்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட் பக்கத்தில் மின்விசிறியில் வரும் 2.5 மைக்ரோ ஃபாரட் ஏசி கண்டன்சர் (கெபாசிட்டர்தான்). டிசி கண்டன்சரை இங்கே போடவே கூடாது. பிரிட்ஜுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் 40 மைக்ரோ ஹென்றி காயில். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பார்த்தால் அந்தக் கண்டன்சர் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி 3 மில்லி ஃபாரட் போலத் தெரியும், இரண்டும் சேர்ந்து 450 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டும். 50 ஹெர்ட்ஸ் தொந்தரவில்லாமல் போகும், 20 கிலோ ஹெர்ட்ஸ் நின்றுவிடும். காயிலை முதலில் சும்மா கிடந்த ஃபெரைட் வளையத்தில் சுற்றினேன், 10 ஆம்பியரைத் தாண்டியதும் அது காயிலாக இருப்பதையே நிறுத்திவிட்டது. நடுவில் இடைவெளி விட்ட இ-கோரில் மாற்றியதும் சரியானது.

சரி, இப்போது உண்மையான தலைவலிக்கு வருகிறேன். எல்லாம் மாட்டி, தொடரில் பல்பை வைத்தே ஏற்றினால், டிரான்ஸ்ஃபார்மர் 'ம்' என்று மெலிதாக முனகுவதற்குப் பதில் மேசையே அதிரும்படி உறுமியது, ஹெட்லைட் பல்பு முக்கால் வெளிச்சத்தில் எரிந்தது. உடனே அணைத்தேன். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெறும் ரெசிஸ்டரை வைத்து ஸ்கோப்பில் பார்த்தேன். பாசிட்டிவ் பாதி படத்தில் வரைந்த மாதிரி இருந்தது. நெகட்டிவ் பாதியும் ஒழுங்காகத்தான் இறங்க ஆரம்பித்தது. மூன்று மில்லி விநாடி வரை அழகாக இறங்கி, உச்சியைத் தொடுவதற்கு முன்பே சட்டென்று பூஜ்ஜியத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. மிச்ச ஏழு மில்லி விநாடியும் அங்கேயே. இரண்டு பாதியும் சமமாக இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் டிசி போகிறது என்று அர்த்தம், கோர், அதாவது உள்ளே இருக்கும் இரும்பு, ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுக் காந்தத்தில் நிறைந்துவிடும், அந்த உறுமல் அதுதான்.

புரோகிராமைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், சாஃப்ட்வேர் பழகியவனுக்கு அது வியாதி. அட்டவணையைத் திருப்பினேன், வேறு நானோ மாற்றினேன், நானோவின் பின்னிலேயே ஸ்கோப்பை வைத்தேன். அங்கே சிக்னல் முழு 10 மில்லி விநாடியும் நிற்கிறது. மாஸ்ஃபெட்டை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், அதே மூன்று மில்லி விநாடி. எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதே நேரத்தில் விழுகிறது என்றால் பாகம் கெடவில்லை, ஏதோ ஒன்று காலியாகிறது. இது எனக்கு உறைக்க நான்கு நாள் ஆனது.

மேல் மாஸ்ஃபெட்டை ஆன் செய்ய அதன் கேட்டுக்கு (ஆன், ஆஃப் செய்யும் கால்) பேட்டரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வோல்ட் அதிகம் வேண்டும். அதை ஐஆர்2110 ஒரு பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டரிலிருந்து எடுக்கிறது. கீழ் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது அந்தக் கெபாசிட்டர் ஒரு டயோடு வழியாக நிரம்பும், மேல் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்வரை சேமித்ததை வைத்தே காலம் தள்ளும். ஐஆர்எஃப்3205-இன் கேட் சார்ஜ் அதிகபட்சம் 146 நானோ கூலம். அதைப் பார்த்துத்தான் 1 மைக்ரோ ஃபாரட் போட்டேன், ஒன்றுக்கு 0.15 வோல்ட்தான் இறங்கும், இரண்டு மாஸ்ஃபெட் என்றாலும் 0.3, தாராளம் என்று நினைப்பு. கேட்டிலிருந்து சோர்ஸுக்கு (மாஸ்ஃபெட்டின் இன்னொரு கால்) நானே சால்டர் செய்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறந்தேபோனேன். பவர் இல்லாதபோது கேட் மிதக்கக் கூடாது என்று போட்டது. மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும் நேரமெல்லாம் அது 1.2 மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. 10 மில்லி விநாடிக்கு 12 மைக்ரோ கூலம். 1 மைக்ரோ ஃபாரட் பாத்திரத்தில் இருப்பதே அவ்வளவுதான்!

உறுதி செய்ய ஸ்கோப்பின் இரண்டு சானலையும் கெபாசிட்டரின் இரண்டு காலில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும் வசதியில் பார்த்தேன். (கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டக் கூடாது. லேப்டாப் யுஎஸ்பி வழியாகவும் ஸ்கோப் வழியாகவும் கிரவுண்டு ஒன்றுசேர்ந்து பிரிட்ஜே ஷார்ட் ஆகும்.) 11.3 வோல்ட்டில் ஆரம்பித்து வளைந்து இறங்கி, 8.2 பக்கம் வந்ததும் டிரைவர் அணைத்துவிடுகிறது. ஐஆர்2110-இன் விவரத்தாளில் வோல்டேஜ் குறைந்தால் தானே அணைந்துகொள்ளும் எல்லை என்று போட்டிருப்பதும் அதே 8.2. 10 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட், 11.3-இலிருந்து 8.2-க்கு இறங்க எவ்வளவு நேரம் என்று காகிதத்தில் போட்டேன்: 3.2 மில்லி விநாடி. சிரிப்பு வந்துவிட்டது. இடது பக்கம் ஏன் தப்பித்தது என்றால் அங்கே 50 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை கெபாசிட்டர் நிரம்பிக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் பல சர்க்யூட் படத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மதிப்பைப் போட்டிருப்பார்கள், வலது பக்கம் 50 ஹெர்ட்ஸில் ஓடினால் அது போதாது.

சரிசெய்தது சுலபம். வலது பக்கத்துக்கு 22 மைக்ரோ ஃபாரட், பக்கத்திலேயே 0.1 செராமிக் ஒன்று. மேல் கேட்டில் இருந்த ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் ஆக்கினேன். டிரைவரின் 12 வோல்ட் சப்ளையில் 100 மைக்ரோ ஃபாரட் சேர்த்தேன், இல்லையென்றால் 22-ஐ நிரப்பும்போது அதுவே காலியாகிவிடும். டயோடு 1என்4007 வேண்டாம், இடது பக்கத்தின் வேகத்துக்கு அது மந்தம், யுஎஃப்4007 போட்டேன். இப்போது பாதி அலை முழுக்க அரை வோல்ட்கூட இறங்குவதில்லை.

உறுமல் போனது. ஆனால் காதை அருகில் வைத்தால் மெல்லிய 'டிக்டிக்' ஒன்று மிச்சம் இருந்தது. ஸ்கோப்பை விரித்துப் பார்த்தால் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஊசி மாதிரி ஒரு குத்து. இது புரோகிராமின் தப்பு என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. டைமருக்குப் புது எண்ணை எழுதினால் அது உடனே அமலாகாது, எண்ணிக்கை மறுபடி அடியைத் தொடும்போதுதான் ஏறும், அதாவது 50 மைக்ரோ விநாடி கழித்து. வலது பக்கத்தின் பின்களை நான் நேரடியாக மாற்றுவதால் அது அந்தக் கணமே மாறிவிடுகிறது. ஆக ஒரு துண்டு நேரம் மட்டும் வலது பக்கம் புதுத் திசையில், இடது பக்கம் பழைய அளவில், முழு 12 வோல்ட்டும் டிரான்ஸ்ஃபார்மருக்கு. திசை மாற்றுவதை ஓர் இன்டரப்ட், அதாவது ஒரு துண்டு நேரம், தள்ளிவைத்தேன், ஊசி காணாமல் போனது.

வோல்டேஜ் ஒரே நிலையில் நிற்க, ஒரு சின்ன 230-க்கு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை வெளியீட்டில் வைத்து, அதை டயோடு பிரிட்ஜால் டிசி ஆக்கி, பாதியாக்கி, நானோவில் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி-க்குக் கொடுக்கிறேன். ஒவ்வோர் அலைக்கும் ஒரு தடவை அளவைக் கொஞ்சம் ஏற்றும் அல்லது இறக்கும், அதற்கு மேல் அவசரப்படாது. ஆன் செய்யும்போது இரண்டு விநாடி எடுத்து மெதுவாக ஏறும், இல்லையென்றால் கோர் முதல் அலையிலேயே நிறைந்துவிடும். வோல்டேஜை அளக்கும் இந்த வயர் அறுந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: "வோல்டேஜே இல்லை" என்று நினைத்து முழு அளவுக்கும் ஏற்றிவிடும், நிறைந்த பேட்டரியில் 290 வோல்ட்டுக்கு மேல் போகும். அதனால் அளவு பாதியைத் தாண்டியும் ரீடிங் வரவில்லை என்றால் அணைத்துப் பூட்டிவிடும்படி வைத்தேன். பேட்டரி 10.5-க்குக் கீழே 5 விநாடி தொடர்ந்து நின்றால்தான் கட். அந்த 5 விநாடி இல்லாதபோது மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் அணைந்து மானத்தை வாங்கியது.

கடைசி அளவுகள். லோடே இல்லாமல் 1.6 ஆம்பியர் குடிக்கிறது, இது எனக்குத் திருப்தியில்லை, கண்டன்சர் இழுக்கும் கரண்டும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும்தான் காரணம். 200 வாட் பல்பு லோடில் 11.8 வோல்ட், 20.9 ஆம்பியர், ஆக 81 சதவீதம். அரை மணி நேரம் ஓட்டியும் ஹீட் சிங்கில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறது. அளக்கும்போது ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள், சாதா மீட்டர் சராசரியை எடுத்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டுவது, சுத்தமான சைனுக்கு மட்டும்தான் ஒத்துவரும். பேட்டரி முனையிலேயே 40 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. கண்டன்சருக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் போட்டிருக்கிறேன். அது இல்லையென்றால் அணைத்த பிறகும் கண்டன்சரில் 325 வோல்ட் வரை நிற்கலாம், ஒரு தடவை வாங்கினேன், முழங்கை வரை ஏறியது. இதை வீட்டு வயரிங்கில் கொண்டுபோய் இணைக்கும் எண்ணமே வேண்டாம், தனி சாக்கெட், தனி லோடு.

பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் இன்னும் ஒரு சின்னத் தட்டை தெரிகிறது, 1 மைக்ரோ விநாடிக்கும் குறைவான பல்ஸை டெட் டைம் விழுங்கிவிடுவதால் வருவது. 16 என்ற எண்ணை 10 ஆக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஹெட்லைட் பல்பை மறுபடி தொடரில் மாட்டிவிட்டுத்தான்.